வளர்ந்த கரையும் கரைந்த கரையும்

மெரினாவின் மணல்வெளி இயற்கை கொடுத்த சொத்து என்றுதான் சென்னையில் பலரும் நினைத்திருக்கிறார்கள். காமராசர் சாலையிலிருந்து இறங்கி அலையில் கால் நனைப்பதற்குள் நடையே ஒரு வேலையாகிவிடும்; அவ்வளவு அகலம். ஆனால் 1842-இல் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டபோது கடல் அந்தக் கட்டடத்துக்கு வெகு அருகில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளை இறக்கிச் சேமிக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று அந்தக் கட்டடத்துக்கும் அலைக்கும் நடுவே ஒரு பெருஞ்சாலை, பூங்கா, கடைவரிசைகள், அதற்கப்புறமும் நீண்டு கிடக்கும் மணல்.

அந்த மணலைச் சேர்த்தது துறைமுகம். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்களை நீட்டத் தொடங்கியதும் அந்த ஓட்டம் தடைப்பட்டது. சுவரின் தென்பக்கம் மணல் தேங்கித் தேங்கிக் கரை அகன்றது. வடபக்கம் மணல் வரத்து நின்றுபோனது. அலை மட்டும் வந்துகொண்டிருந்தது. ராயபுரம் தொடங்கி காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் உள்ளே நுழைந்தது. மீனவர்களின் வீடுகள் போயின, வலை உலர்த்திய மணல்வெளி போனது, சாலைகளே அரிக்கப்பட்டன. பிறகு கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். வடசென்னைக் கரையின் பெரும்பகுதியில் குழந்தைகள் கடலைப் பாறைக் குவியலின் மேல் நின்றுதான் பார்க்கிறார்கள்.

தென்பக்கத்துக்குக் கடற்கரையைத் தந்த சுவரே வடபக்கத்தின் நிலத்தை எடுத்துக்கொண்டது. வடக்கே இருப்பவர்களைக் கெடுக்க வேண்டும் என்று எண்ணி யாரும் அதைக் கட்டவில்லை. ஆனால் கட்டிய பின், யாருக்கு வரவு, யாருக்கு இழப்பு என்று ஒன்றரை நூற்றாண்டாக முறையாகக் கணக்கெடுத்து ஈடு செய்தவர்களும் இல்லை. இந்தச் சொற்பொழிவின் பொருளே அந்தக் கணக்குத்தான். ஒரு பெருநகரத்தில் ஒரு பேட்டை நன்றாகவும் இன்னொரு பேட்டை மோசமாகவும் இருப்பது தானாக நடப்பதில்லை. எதை எங்கே வைப்பது, யாரை எங்கே அனுப்புவது என்று வெவ்வேறு காலங்களில் எடுத்த முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அப்படி ஆகின்றன. சென்னையில் அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்ட முடியும்.

2023 டிசம்பர் மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையின் பல பகுதிகளை நீரில் மூழ்கடித்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று வடக்கு தெற்கு பாராமல் வெள்ளம் நின்றது. மற்ற இடங்களில் தண்ணீர் வடிந்ததும் துயரம் மெல்ல அடங்கியது. எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. மணலி தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கழிமுகத்துக்குள் பரவிய எண்ணெய் வீட்டுச் சுவர்களில், படகுகளில், வலைகளில், கூழைக்கடாக்களின் இறகுகளில் ஒட்டிக்கொண்டது. மீனவர்கள் கையுறைகூடச் சரியாக இல்லாமல் வாளியில் எண்ணெயை அள்ளிய காட்சிகள் நாளிதழ்களில் வந்தன. அது அடங்குவதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே ஓர் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறலோடும் கண் எரிச்சலோடும் மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

ஒரே மாதத்தில் ஒரே ஊருக்குப் புயல், எண்ணெய், நச்சுவாயு. புயல் மட்டும்தான் வானத்திலிருந்து வந்தது.

மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன என்று பார்க்க அரை நூற்றாண்டு பின்னே போக வேண்டும். 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றி உரம், பெட்ரோ வேதிப்பொருள் ஆலைகள் வந்தன. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம். 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001-இல் எண்ணூரில் புதிய துறைமுகம், பின்னர் காட்டுப்பள்ளியில் இன்னொன்று, வல்லூரில் 1,500 மெகாவாட் மின் நிலையம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தைச் சுற்றி இவை அத்தனையும் அமைந்தன. மின் நிலையங்களின் சாம்பல் கலந்த நீரைச் சுமந்து செல்லும் குழாய்கள் அடிக்கடி உடைந்து கசிய, கழிமுகத்தின் ஆழமான இடங்கள் மேடேறின. இறால் பிடித்தவர்களின் வலையில் சாம்பல் சேறு வந்தது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது.

ஆலைகள் வேண்டாம் என்று சொல்வதல்ல இங்கே நோக்கம். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் பெசன்ட் நகரிலும் அண்ணா நகரிலும் விளக்கு எரிய வைக்கிறது. அங்கே சுத்திகரித்த பெட்ரோலில்தான் நகரமெங்கும் வண்டிகள் ஓடுகின்றன. பயனை நகரம் முழுவதும் பங்கிட்டுக்கொள்கிறது. சாம்பலும் புகையும் மட்டும் ஏன் பங்கிடப்படுவதில்லை என்பதே கேள்வி. ஓர் ஆலை வந்த இடத்தில் நிலத்தின் விலை இறங்குகிறது; விலை இறங்கிய இடத்துக்கே அடுத்த ஆலையும் வருகிறது; ‘ஏற்கெனவே தொழிற்பகுதிதானே’ என்ற வாதமே மூன்றாவது ஆலைக்கு அனுமதி வாங்கித் தருகிறது. இருக்கிற சுமையையே புதிய சுமைக்கு நியாயமாகக் காட்டும் இந்தப் பழக்கம்தான் எண்ணூரைக் கெடுத்தது. ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியாகச் சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கிறது. அவை எல்லாம் சேர்ந்து ஒரு குழந்தையின் நுரையீரலுக்கு என்ன செய்யும் என்ற கேள்வி எந்த ஒரு கோப்பிலும் முழுமையாகப் பதில் பெறுவதில்லை.

வடசென்னை எப்போதும் இப்படி ஒதுக்கப்பட்ட பக்கமாக இருந்ததில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. இந்தியாவின் முதல் அமைப்புரீதியான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பெரம்பூரின் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடையே பிறந்தது, திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் அதை முன்னின்று நடத்தினார்கள். நகரத்தின் உழைப்பு அங்கேதான் குடியிருந்தது. 1996-இல் பின்னி ஆலை மூடப்பட்டபோது அந்தத் தெருக்களின் மாதச் சம்பளம் நின்றது. அதே பத்தாண்டின் இறுதியில் நகரத்தின் புதிய சம்பளம் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையில், கணினி நிறுவனங்களாக எழுந்தது. அந்தச் சாலைக்குப் பல வழித்தடச் சுங்கச்சாலை வந்தது, மேம்பாலங்கள் வந்தன. சென்னை மெட்ரோவின் முதல் ரயில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே 2015-இல் ஓடியது. திருவொற்றியூர் விம்கோ நகரை எட்ட 2021 ஆயிற்று.

மரங்களைப் பற்றி ஒரு சொல். கிண்டி தேசியப் பூங்கா, ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி. வளாகம், அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் என்று நகரத்தின் பெரும் பசுமைத் திட்டுகள் எல்லாம் தென்பக்கமே. அவை தழைத்தது மண்வளத்தால் மட்டுமல்ல. ஆளுநரின் தோட்டமாகவோ பெரிய நிறுவனங்களின் சொத்தாகவோ இருந்ததால் யாரும் கைவைக்க முடியவில்லை. வடக்கே அப்படி ஒரு காவல் எந்த நிலத்துக்கும் அமையவில்லை. மே மாதத்து இரவில் தண்டையார்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் படுத்திருப்பவருக்கும் அடையாற்றில் ஆலமர நிழலருகே உறங்குபவருக்கும் ஒரே வெப்பம் என்று வானிலை அறிக்கை சொல்லும். அவர்கள் உடல் வேறு சொல்லும்.

இனி தண்ணீர். 2019 கோடையை அவையோர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிவிட்டன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் சென்னையின் தாகத்தை எழுதின. சென்னை என்று ஒரே பெயரில் எழுதின. தாகம் ஒரே அளவில் இருக்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று விளக்க வேண்டும், ஏனென்றால் இதில் யாரும் யாருடைய தண்ணீரையும் வெளிப்படையாகப் பறிப்பதில்லை. குழாயில் தண்ணீர் விடிகாலையில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ வருகிறது. நிலத்தடியில் பெரிய சம்ப் இருக்கும் வீடு அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான லிட்டரை நிரப்பிக்கொள்ளும். பிறகு மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றும். நாள் முழுவதும் குழாயைத் திறந்தால் தண்ணீர். ஒற்றை அறை வீட்டில் ஆறு குடம் வைக்கத்தான் இடம். ஒரு குடம் ஏறத்தாழ 15 லிட்டர் என்றால் மொத்தம் 90 லிட்டர். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு நாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில்தான் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. சேமிக்கும் இடம் இருப்பவருக்கு அது தண்ணீராகவும், இல்லாதவருக்கு அது விடிகாலைத் தூக்கமின்மையாகவும் ஆகிறது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் நேரம் யாருடைய கணக்கிலும் விலையாக ஏறுவதில்லை. அதில் பெண்களின் கூலிநாள் போகிறது. பல வீடுகளில் பெண்பிள்ளைகளின் பள்ளி நேரமும் போகிறது.

பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிகளிலும் அந்தக் கோடையில் நெருக்கடி இருந்தது. சில கணினி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லின. ஆனால் அங்கே பணத்தால் லாரியை வரவழைக்க முடிந்தது. அந்த லாரிகள் நிரம்பியது நகரத்துக்கு வெளியே உள்ள கிராமங்களின் விவசாயக் கிணறுகளில். ஆக, பணமுள்ள பேட்டையின் தட்டுப்பாடு பணமில்லாத கிராமத்தின் தட்டுப்பாடாக இடம் மாறியது.

இதுவும் புதிதல்ல. 1960-களின் பிற்பகுதியிலிருந்து நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் வட்டாரத்து நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டது. கொசஸ்தலை ஆற்றுப் படுகையின் நல்ல நீர் அது. எடுத்த அளவுக்கு மழை நிரப்பவில்லை. வெற்றிடத்தில் கடல்நீர் புகுந்தது. மீஞ்சூரைச் சுற்றிக் கிணறுகள் உவர்ப்பாயின. 2010-இல் நகரத்தின் முதல் பெரிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன், அதே வட்டாரத்தில் காட்டுப்பள்ளியில் வந்தது. நன்னீர் கொடுத்த பகுதிக்கு உப்பு மிஞ்சியது. கடல்நீரின் உப்பை நீக்கும் ஆலையும் அங்கேயே வந்தது.

குப்பை விஷயத்தில் கணக்கு இன்னும் எளிது. பல ஆண்டுகளாக மாநகராட்சியின் வடக்கு, மத்திய மண்டலங்களின் குப்பை கொடுங்கையூருக்கும் தெற்கு மண்டலங்களின் குப்பை பெருங்குடிக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டும் 200 ஏக்கருக்கு மேற்பட்ட மேடுகள். ஒன்று நெருக்கமான உழைப்பாளர் குடியிருப்புகளின் நடுவே. மற்றொன்று பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குள்ளேயே. கொடுங்கையூர் மேட்டில் தீப்பிடிக்கும் நாட்களில் எழில் நகரிலும் ஆர்.ஆர். நகரிலும் சன்னலைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும். அந்தக் குப்பையில் அவர்களுடையது எவ்வளவு? குறைவாக வாங்குகிறவர்கள் குறைவாகத்தான் வீசுவார்கள். அங்கே வீசப்பட்டதில் விற்கக்கூடியதைப் பொறுக்கிப் பிழைத்தவர்களும் அவர்கள்தான்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, சென்னையின் ஏற்றத்தாழ்வு வடக்கு தெற்கு என்ற ஒரு கோட்டில் முடிந்துவிடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. தெற்கே மயிலாப்பூரின் பெருந்தெருக்களுக்குப் பின்னால் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்தில் வேறொரு சென்னை இருக்கிறது. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே வந்த ஊர்களில் பலவற்றுக்குச் சொத்துவரி வந்த வேகத்தில் பாதாளச் சாக்கடை வரவில்லை. அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய மாநகர எல்லைக்குள் இருந்த சுமார் 46 லட்சம் பேரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். பத்தில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் நகரத்தின் எல்லாப் பக்கமும் இருந்தார்கள், வேலை எங்கே இருந்ததோ அங்கே.

அவர்களை வேலையிலிருந்து பிரித்து வெகுதூரம் அனுப்பியதுதான் கடந்த கால் நூற்றாண்டின் மிகப் பெரிய முடிவு. இந்த உரையில் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடமும் இதுவே.

தமிழ்நாடு இதில் வேறு மாதிரி தொடங்கியது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது; அடுத்த ஆண்டே குடிசைப் பகுதிகளை மேம்படுத்துவதற்கான சட்டம் வந்தது. அந்தக் காலத்து எண்ணம் தெளிவாக இருந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு. மெரினாவை ஒட்டிய குப்பங்களில், நகரின் நடுவே, தரைதளத்தோடு மூன்று மாடிகளாக எழுந்த அந்த ‘ஹவுசிங் போர்டு’ கட்டடங்கள் சிறியவை, பராமரிப்பு மோசம். ஆனாலும் மீனவர் கடலுக்கு எதிரிலேயே இருந்தார், கூலித் தொழிலாளி தன் சந்தைக்கு நடந்தே போனார். 1977-இல் உலக வங்கிக் கடனோடு வந்த திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் சிறு மனைகளும் அடிப்படை வசதிகளும் கொடுத்து, வீட்டைக் குடும்பங்களே மெல்ல மெல்லக் கட்டிக்கொள்ள விட்டார்கள். பல குடிசைப் பகுதிகளில் இருந்த இடத்திலேயே தண்ணீர்க் குழாயும் தெருவிளக்கும் வந்தன. குறைகள் உண்டு. ஆனால் ஏழைக்கும் நகரத்துக்குள் இடம் உண்டு என்பதை அந்தத் திட்டங்கள் ஒப்புக்கொண்டன.

2000-வாக்கில் திசை மாறியது. நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறியது. பறக்கும் ரயில், மேம்பாலம், ஆற்றோர அழகுபடுத்தல் என்று திட்டங்கள் வந்தன. குடிசைகள் தடையாகத் தெரிந்தன. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது, 15,000-க்கும் மேற்பட்ட வீடுகளோடு. தொடக்கத்தில் கட்டியவற்றில் பல 200 சதுர அடியைக்கூட எட்டவில்லை. பிறகு செம்மஞ்சேரியில் 6,000-க்கும் மேல். சுனாமியில் வீடிழந்தவர்களோடு நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்களும் அங்கே சேர்க்கப்பட்டார்கள். அதன்பின் பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்களாக 20,000-க்கும் மேல். குடியேற்றம் தொடங்கியபோது பெரும்பாக்கம் மாநகராட்சிக்கு வெளியே இருந்த ஓர் ஊராட்சி. மாநகரம் தன் மக்களை ஒரு கிராம ஊராட்சியின் பொறுப்பில் விட்டது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. வெள்ள ஆபத்துள்ள இடத்தில் மக்கள் இருக்கக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் நல்லதுதான். ஆனால் அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் நீர்வழியில் இருக்கும் ஊர்கள். அதே 2015 மழையில் அவையும் நீரில் நின்றன. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த அந்தச் சதுப்பில் மிஞ்சியது சிறு பகுதியே. அதையாவது காக்க வேண்டும் என்று 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி விமான நிலையத்தின் ஓடுதளம் நீள்கிறது. சதுப்புக்குள் அலுவலகங்களும் கல்வி நிறுவனங்களும் நிற்கின்றன. அவை அகற்றப்படவில்லை. ஆற்றுக்கு இடம் விடச் சொல்லி வெளியேற்றப்பட்டவர்கள் தகரக் கூரைக்காரர்கள் மட்டுமே. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். சாதியைச் சொல்லாமல் சென்னையின் வரைபடத்தைப் படிக்க முடியாது. கிராமத்தில் ஊரும் சேரியும் இருந்த தூரத்தை நகரம் கிலோமீட்டர் கணக்கில் மீண்டும் கட்டிவிட்டது.

புதிய வீட்டின் சுவர் கெட்டி. மழைக்கு ஒழுகாது, கழிப்பறை உள்ளேயே உண்டு. இதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். இழந்தது வீட்டுக்கு வெளியே இருந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் மீன் வாங்கி வீதியில் விற்றவருக்கு அந்தச் சந்தை விடிகாலை மூன்று மணிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்ணுக்கு, நடுவில் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுத் திரும்பும் தூரம் வேண்டும். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போனபின் நான்கு வீடு இரண்டாகிறது, பிறகு ஒன்றாகிறது. கல்வியாண்டின் நடுவே அகற்றப்பட்ட பிள்ளைகளில் பலர் புதிய பள்ளியில் சேரவே இல்லை. மாடியில் லிஃப்ட் நின்றால் முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது இந்தக் குடியிருப்புகளுக்கு உண்மையான உதவி. அந்தப் பேருந்து எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதில்தான் இப்போது அவர்கள் வேலை தொங்குகிறது.

எல்லாவற்றையும்விட ஆழமான காயம் முகவரி. கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை இல்லை என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே காவலாளி, துப்புரவு வேலைகள் கிடைக்கும். அதற்கும் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்தவர்கள் உண்டு. அங்கே குற்றங்கள் நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. பிழைப்பை இழந்த பல்லாயிரம் பேரை, ஒருவரை ஒருவர் அறியாத நிலையில், விளையாட்டுத் திடலும் வேலையும் இல்லாத இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அவர்களின் இயல்பே அப்படி என்று பேசியதுதான் அநியாயம். அந்த ஊரின் பெண்பிள்ளைகள் கபடி ஆடினார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்றபோது அந்த அணியில் ஆடியவரைத் தமிழ்நாடு ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே அழைத்தது. மறைக்கப்பட்ட முகவரி ஒரு பெயரின் முன்னால் பெருமையோடு வந்து நின்றது. அதற்காக எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நகரத்துக்குள்ளேயே தங்கியவர்களின் வீடுகளும் பத்திரமாக இல்லை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுப்பு, 24 வீடுகளோடு, இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு முன்கூட்டியே எல்லோரும் வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதே ஆண்டு புளியந்தோப்பில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியின் சுவர்ப்பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்த காட்சி மாநிலம் முழுவதும் பரவியது. அந்த ஆண்டில்தான் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் கால்வாயோர வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். அதன்பிறகு முதலமைச்சர் சட்டப்பேரவையில், அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று அறிவித்தார். அருகிலேயே வீடு தருவது முடியாத காரியமல்ல என்பதை அந்த அறிவிப்பே ஒப்புக்கொண்டது. ஓர் உயிர் போன பிறகு சாத்தியமானது முன்பே ஏன் சாத்தியமாகவில்லை? 2025-இல் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டபோது குடும்பங்கள் மறுபடியும் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கே அனுப்பப்பட்டன. விதிவிலக்காகச் செய்ததை விதியாக்கும் துணிவு இன்னும் வரவில்லை.

மாற்றம் எதுவும் இல்லை என்று சொன்னால் அது பொய். 2022-இல் திரு.வி.க. நகரைச் சேர்ந்த ஓர் இளம் தலித் பெண் சென்னையின் மேயரானார். 1688-இல் தொடங்கிய மாநகராட்சியின் வரலாற்றில் அப்படி ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல்முறை. 2024 மார்ச்சில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் 4,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் தொடங்கப்பட்டது. பள்ளிகள், மருத்துவமனைகள், குடிநீர், பேருந்து நிலையங்கள் என்று பணிகள் நடக்கின்றன. வரவேற்க வேண்டியதே. ஆனால் ஒரு கையால் பூங்கா அமைத்து மறு கையால் புகைக்கு அனுமதி கொடுத்தால் அந்தப் பணம் சமன் செய்யப் போவதில்லை. கொடுப்பதைப் போலவே, இனி எதைக் கொண்டுவந்து வைக்க மாட்டோம் என்ற உறுதியும் வேண்டும்.

சென்னைப் பெருநகரத்துக்கு 2026 முதல் 2046 வரையிலான மூன்றாம் முழுமைத் திட்டம் உருவாகி வருகிறது. பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கும் அறிவிப்பு 2022-இலேயே வந்துவிட்டது. இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் எங்கே ஆலை, எங்கே குடியிருப்பு, எங்கே குப்பை என்று கோடு போடும் வேலை இப்போது நடக்கிறது. 200 வார்டுகளில் ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் உண்மையில் போய்ச் சேர்கிறது, எத்தனை மரம் நிற்கிறது, பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, காற்றில் என்ன இருக்கிறது என்ற விவரம் ஆண்டுதோறும் தமிழில் அச்சாகி வெளிவர வேண்டும். புதிய சுமை ஒன்றை ஒரு பகுதியில் இறக்குமுன் அங்கே ஏற்கெனவே இருக்கும் சுமை அளக்கப்பட வேண்டும். 2022-இலிருந்து கூடும் பகுதி சபைகளில் இந்தக் கணக்கைக் கேட்க மக்களுக்கு இடம் இருக்கிறது. கேட்டதற்கு எழுத்தில் பதில் வரும் வழிதான் அமைய வேண்டும்.

கொடுங்கையூரில் இப்போது பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணி 640 கோடி ரூபாய்ச் செலவில் நடக்கிறது. பெருங்குடியில் முன்பே தொடங்கிய அதே வேலையால் நிலம் மீட்கப்பட்டுவருகிறது. கொடுங்கையூரில் மட்டும், மேடு கரையக் கரைய, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை ஒன்றை அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2025-இல் அந்தப் பகுதி மக்கள் சாலையில் கைகோத்து நின்று எதிர்த்தார்கள். குப்பையைத் தெருவிலேயே பிரித்து அந்தந்த மண்டலத்திலேயே கையாளட்டும், தங்கள் காற்றில் இன்னொரு புகைபோக்கி வேண்டாம் என்பது அவர்கள் கேட்பது. குப்பை அகன்றால் அங்கே 200 ஏக்கருக்கு மேல் பொது நிலம் வெறுமையாகும். நெருக்கமான வடசென்னைக் குடியிருப்புகளின் நடுவே அவ்வளவு பெரிய இடம் இனி எளிதில் கிடைக்காது. அங்கே மரங்கள் வருமா, உலை வருமா என்பதை மாநகராட்சி மன்றமும் அரசும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.